ஆச்சியிடம் கேளுங்கள்: முறுக்குத் துண்டும் பூட்டிய வீடும்

காரைக்குடிப் பக்கம், வளர்ச்சிக் குறைபாடுள்ள பிள்ளைகளுக்கான பள்ளியும் மறுவாழ்வு மையமும் நடத்திவரும் ஆச்சி, வாசகர் கடிதங்களுக்கு இந்த இதழிலும் பதில் எழுதுகிறார். கடிதம் எழுதியவர்களின் பெயர்களை அவர்கள் விருப்பப்படி தவிர்த்திருக்கிறோம்.

மகனுக்கு மூன்று வயது முடியப்போகிறது. இன்னும் பேசவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை. பொம்மைக் காரைக் கவிழ்த்துப் போட்டுச் சக்கரத்தைச் சுற்றிவிட்டுப் பார்த்துக்கொண்டே இருப்பான். மாமியார், “இவன் அப்பனே அஞ்சு வயசுலதான் பேசுனான்” என்கிறார். தடுப்பூசியால்தான் இப்படி என்று பக்கத்து வீட்டில் சொல்கிறார்கள். காத்திருந்து பார்க்கலாமா ஆச்சி?
*ஒரு தாய், தேவகோட்டை*

காத்திருக்க வேண்டாம் அம்மா. பேச்சு வராதது ஒரு பக்கம் இருக்கட்டும், பெயருக்குத் திரும்பவில்லை என்கிறீர்களே, அதற்காகத்தான் அவசரப்படுத்துகிறேன். முதலில் காதைப் பாருங்கள். பெரா என்று ஒரு பரிசோதனை, பிள்ளை தூங்கும்போதே எடுத்துவிடுவார்கள். டிவி விளம்பரம் கேட்டால் ஓடி வருகிறான், அதனால் காது நன்றாகத்தான் இருக்கிறது என்று வீட்டிலேயே முடிவு கட்டிவிடாதீர்கள். சில ஒலிகள் கேட்டு, சில ஒலிகள் கேட்காத குறையும் உண்டு. சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய், மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டுச் சேவை மையம் எங்கே என்று கேளுங்கள். காசு வாங்க மாட்டார்கள்.

ஆட்டிசம் என்று யாராவது எழுதிக் கொடுத்த பிறகுதான் பயிற்சி என்றில்லை. இன்று சாயங்காலமே தொடங்கலாம். அவனுக்கு முறுக்குப் பிடிக்குமென்றால் முழு முறுக்கையும் கையில் கொடுத்துவிடாதீர்கள். ஒரு துண்டு கொடுங்கள். மிச்சத்தை அவன் கண்ணுக்கு நேரே உங்கள் முகத்துக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, மனசுக்குள் பத்து எண்ணும் வரை பேசாமல் இருங்கள். உங்கள் கையைப் பிடித்து இழுப்பான், இல்லை முகத்தைப் பார்ப்பான், இல்லை “ம்” என்பான். எதைச் செய்தாலும் அவன் கேட்டுவிட்டான் என்றுதான் கணக்கு. “முறுக்கு” என்று ஒரே ஒரு சொல் சொல்லி உடனே கொடுத்துவிடுங்கள். அடுத்த துண்டுக்கும் அப்படியே. நம் வீடுகளில் பிள்ளை வாய் திறக்கும் முன்பே அப்பத்தா ஒரு கை, அத்தை ஒரு கை என்று நீட்டிவிடுகிறார்கள். பாசம்தான். ஆனால் கேட்க வேண்டிய அவசியமே அந்தப் பிள்ளைக்கு வருவதில்லை. சோறு ஊட்டும்போது செல்போன் காட்டுவதையும் நிறுத்துங்கள். சில நாள் கத்துவான், தாங்கிக்கொள்ளுங்கள்.

தடுப்பூசிக்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்பில்லை. பிரிட்டனில் 1998-ல் ஒரு மருத்துவ இதழில், பன்னிரண்டு பிள்ளைகளை மட்டும் வைத்து எழுதப்பட்ட கட்டுரையிலிருந்து கிளம்பிய பேச்சு அது. 2010-ல் அந்த இதழே கட்டுரையைத் திரும்பப் பெற்றது. எழுதிய மருத்துவரின் பெயரையும் அதே ஆண்டு மருத்துவர் பதிவேட்டிலிருந்து நீக்கிவிட்டார்கள். மிச்சமிருக்கும் ஊசிகளைத் தவறாமல் போடுங்கள். மாமியாரோடு வாதம் வேண்டாம், அவரையும் பயிற்சிக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். பேரன் ஒரு பொருளைக் கேட்டு வாங்குவதைத் தன் கண்ணால் பார்த்த அப்பத்தாவைவிட நல்ல பயிற்சியாளர் எனக்கு இதுவரை கிடைத்ததில்லை.

பேரனுக்கு ஆறு வயது. பிறந்தவுடன் அழவில்லை, மூளை முடக்குவாதம் என்றார்கள். ஸ்டெம் செல் ஊசி போட்டால் நடந்துவிடுவான் என்று ஒரு மருத்துவமனையில் சொல்லிப் பல லட்சம் கேட்கிறார்கள். இருக்கிற நிலத்தை விற்றுவிடலாமா?
*ஒரு தாத்தா, புதுவயல்*

விற்காதீர்கள் ஐயா. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017-ஆம் ஆண்டு வழிகாட்டுதல்படி, சில ரத்த நோய்கள் போன்ற அங்கீகரிக்கப்பட்ட ஒரு சிலவற்றுக்கு மட்டுமே ஸ்டெம் செல்லைச் சிகிச்சையாகக் கொடுக்கலாம். மூளை முடக்குவாதம் அந்தப் பட்டியலில் இல்லை. ஆராய்ச்சியாக நடத்துகிறோம் என்று சொன்னால், அதற்குக் குடும்பத்திடம் காசு வாங்கக் கூடாது. பேரன்மேல் இருக்கிற ஆசையை வைத்து உங்களிடம் பணம் கேட்கிறார்கள் என்பதை நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது.

மூளையில் பட்ட அடி மேலும் பெருகாது. ஆனால் பிள்ளை வளர வளரத் தசை இறுகும், இடுப்பு மூட்டு நழுவலாம். ஆகவே இடுப்பை எக்ஸ்ரே எடுத்துக் காட்டுங்கள், இயன்முறை மருத்துவர் சொல்லும் பயிற்சியை வீட்டில் தினமும் செய்யுங்கள். அவன் அளவுக்கு ஒரு நாற்காலி வேண்டும். உட்கார்ந்தால் முதுகு நிமிர வேண்டும், இரண்டு பாதமும் பலகையில் முழுதாகப் பதிய வேண்டும், முன்னால் தட்டு வைக்க ஒரு மேசை. பயிற்சியாளரிடம் அளவு வாங்கிக் கொடுத்தால் ஊர்த் தச்சரே செய்துவிடுவார். சாப்பாடு அந்த நாற்காலியில்தான். மடியில் மல்லாக்கப் படுக்கவைத்து ஊட்டினால் சோறும் பாலும் மூச்சுக்குழாய்க்குள் போகும். அடிக்கடி நெஞ்சுச்சளி பிடிக்கிறது என்று வருகிற பிள்ளைகள் பலருக்கு இதுதான் காரணமாக இருக்கிறது. பேச்சு வரவில்லையென்றால் தட்டையும் தம்ளரையும் காட்டி எது வேண்டும் என்று கேளுங்கள், கண்ணால் பதில் சொல்வான். நடப்பானா என்பது எனக்குப் பார்க்காமல் சொல்ல முடியாத விஷயம். ஒருநாள் கூட்டி வாருங்கள்.

மகளுக்குப் பன்னிரண்டு வயது, டவுன் சிண்ட்ரோம். போன மாதம் வயசுக்கு வந்துவிட்டாள். பேடைப் பிடுங்கி எறிகிறாள். கர்ப்பப்பையை எடுத்துவிட்டால் உங்களுக்கும் நிம்மதி, அவளுக்கும் பாதுகாப்பு என்று சொந்தக்காரர்கள் சொல்கிறார்கள். சடங்கு செய்வதா வேண்டாமா என்றும் வீட்டில் பேச்சு.
*ஒரு தாய், பள்ளத்தூர்*

கர்ப்பப்பையைத் தொடவிடாதீர்கள் அம்மா. மாதத்தில் சில நாள் வருகிற வேலைக்காக, நோயில்லாத ஒரு பெண்ணின் வயிற்றைக் கிழிப்பது அநியாயம். சட்டமும் உங்கள் பக்கம் இருக்கிறது. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 10-வது பிரிவு, மாற்றுத்திறனாளியின் மனமறிந்த சம்மதம் இல்லாமல், பிள்ளைப்பேறு இல்லாமல் போகும்படியான எந்தச் சிகிச்சையும் செய்யக் கூடாது என்கிறது. 1994-ல் மகாராஷ்டிரத்தில் ஓர் அரசு இல்லத்திலிருந்த பெண்களுக்கு இதைச் செய்தபோது நாடே எதிர்த்துக் குரல் கொடுத்தது. பாதுகாப்பு என்ற பேச்சை என்னால் பொறுக்கவே முடியவில்லை. கர்ப்பப்பை இல்லாவிட்டால் கெட்டவன் கை நின்றுவிடுமா? நடந்தது வெளியே தெரியாமல் போகும், அவ்வளவுதான்.

பேடைப் பிடுங்குவது பிடிவாதம் இல்லை. ஈரமாக, கனமாக, புதிதாக ஏதோ ஒட்டிக்கொண்டிருக்கிறது, எடுத்துப் போடுகிறாள். ரத்தம் இல்லாத நாட்களில் பழக்குங்கள். முதலில் மெல்லிய பேடை அரைமணி நேரம், பிடித்த பாட்டு ஓடும்போது. பிறகு ஒரு மணி. பேட் எங்கே வரவேண்டும் என்பதற்கு ஜட்டியில் கலர் நூலால் ஓரம் தைத்துக் கொடுங்கள், அந்தக் கோட்டுக்குள் அவளே ஒட்டட்டும். பழையதை எடுப்பது, தாளில் சுற்றுவது, டப்பாவில் போடுவது, கழுவுவது, புதியதை ஒட்டுவது, கை கழுவுவது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு படம் வரைந்து குளியலறைச் சுவரில் வரிசையாக ஒட்டுங்கள். கடைசி வேலையை முதலில் கற்றுக்கொடுங்கள்: எல்லாம் நீங்கள் செய்து, கை கழுவுவதை மட்டும் அவளிடம் விடுங்கள். அது வந்ததும் அதற்கு முந்தையதை விடுங்கள். இப்படிப் பின்னாலிருந்து போனால் ஒவ்வொரு முறையும் வேலையை முடித்தவள் அவளாகவே இருப்பாள். எங்கள் பெரிய பெண்கள் எல்லாரும் இப்படிக் கற்றவர்கள்தான்.

கதவைச் சாத்திய பிறகுதான் இந்த வேலை. உதவிக்கு உள்ளே வரக்கூடியவர்கள் அம்மாவும் அம்மாவைப் பெற்ற ஆயாவும் மட்டும் என்று முடிவு செய்து, மற்ற யார் தொட்டாலும் கத்த வேண்டும் என்று சொல்லிக்கொடுங்கள். காலண்டரில் சிவப்பு வட்டம் போடப் பழக்குங்கள். உதிரம் மிக அதிகமாகப் போனாலோ, சோர்ந்து சோர்ந்து படுத்தாலோ தைராய்டு பாருங்கள், டவுன் சிண்ட்ரோம் பிள்ளைகளுக்கு அது அடிக்கடி வரும். சடங்கைப் பொறுத்தவரை, எந்தப் பெண்ணுக்கும் ஊரைக் கூட்டிச் செய்வதில் எனக்கு விருப்பமில்லை. அவளுக்குப் பட்டுப்பாவாடையும் பூவும் பிடிக்குமென்றால் வீட்டோடு உடுத்தி, இனிப்புச் செய்து கொடுங்கள்.

பிளஸ் டூ முடித்திருக்கிறேன். இந்தப் பிள்ளைகளுக்கு டீச்சராக என்ன படிக்க வேண்டும்?
*ஒரு மாணவி, கோட்டையூர்*

சிறப்புக் கல்வியில் இரண்டாண்டு பட்டயப் படிப்பு இருக்கிறது. பட்டம் முடித்தவர்களுக்கு சிறப்புக் கல்வி பி.எட். எங்கே சேர்ந்தாலும் இந்திய மறுவாழ்வுக் கழகத்தின் அங்கீகாரம் இருக்கிறதா என்று பார், அதில் பதிவு எண் வாங்கினால்தான் வேலை. சென்னைக்குப் பக்கத்தில் முட்டுக்காட்டில் தேசிய நிறுவனம் இருக்கிறது, நம் அழகப்பா பல்கலைக்கழகத்திலும் சிறப்புக் கல்விக்குத் துறை இருக்கிறது. சேரும் முன்பு எங்காவது ஒரு சிறப்புப் பள்ளியில் கொஞ்ச நாள் கூட இருந்து பார் ஆத்தா. கழிப்பறை வேலைக்கு முகம் சுளிக்கவில்லையென்றால் நீ நல்ல டீச்சர்.

ஓய்வுபெற்ற ஆசிரியர் நான். கண்டனூரில் எங்கள் ஐயா கட்டிய வீடு பூட்டிக் கிடக்கிறது. பங்காளிகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறார்கள். அங்கே இந்தப் பிள்ளைகளுக்கு விடுதியோடு ஒரு பள்ளி தொடங்க ஆசை. எங்கிருந்து தொடங்குவது?
*ஒரு வாசகர், கண்டனூர்*

கையெழுத்திலிருந்து தொடங்குங்கள் ஐயா. பங்கு உள்ள அத்தனை பேரும் சம்மதித்து, நீண்டகாலக் குத்தகையைப் பதிவுசெய்து தரவேண்டும். பத்து வருடம் கழித்து ஒரு பங்காளி மகன் வந்து, முற்றத்தைச் சுற்றிய வளவில் தன் அறையைக் கேட்டால், பழகிய இடத்தை விட்டுப் பிள்ளைகளை எங்கே கூட்டிப் போவீர்கள்? அறக்கட்டளைப் பத்திரம், கட்டட உறுதிச் சான்று, தீயணைப்புத் துறைச் சான்று, சுகாதாரச் சான்று எல்லாம் வேண்டும். பதிவுச் சான்று இல்லாமல் இப்படி ஒரு நிறுவனம் நடத்த 2016 சட்டம் அனுமதிப்பதில்லை. சிவகங்கையில் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விவரம் சொல்வார்கள்.

இனி வீடு. நம் வீடுகள் அழகு, ஆனால் இந்தப் பிள்ளைகளுக்காகக் கட்டியவை அல்ல. தெருவிலிருந்து திண்ணைக்கு ஏறும் படிகளுக்குச் சரிவுப் பாதை போடுங்கள். செங்குத்தாகப் போட்டுக் கணக்குக் காட்டாதீர்கள்: ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும். ஒவ்வொரு கட்டுக்கும் உயரமான நிலைப்படி இருக்கும், சக்கர நாற்காலி அங்கங்கே நின்றுவிடும். இரண்டு பக்கமும் மரச்சரிவு வைத்தால் தேக்கு நிலையை வெட்ட வேண்டியதில்லை. தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல் தண்ணீர் பட்டால் வழுக்கும், காலுக்குத் தாங்கியாகக் காலிப்பர் போட்ட பிள்ளை விழுந்துவிடும், அதனால் நடக்கும் தடத்தில் மட்டும் ரப்பர் விரிப்பு. வளவின் வெளிச்சமும் காற்றும் எந்தப் புதுக் கட்டடத்திலும் கிடைக்காது. தூண்களுக்கிடையில் கயிறு கட்டினால் அதைப் பிடித்துப் பிள்ளைகள் நடை பழகலாம். முற்றத்துப் பள்ளத்துக்கு மட்டும் தடுப்புக் கம்பி. சத்தம் தாங்காத ஆட்டிசப் பிள்ளைகளுக்கு உள்ளறைகளின் மங்கிய வெளிச்சம் நன்றாகவே ஒத்துவரும். கழிப்பறையைப் பின்கட்டுக்குப் பின்னால் விட்டுவிடாதீர்கள். வகுப்புக்குப் பக்கத்திலேயே, கைப்பிடிக் கம்பியோடு, நாற்காலி திரும்பும் அகலத்தோடு கட்டுங்கள். செலவில் முதல் செலவு அதுவாக இருக்கட்டும்.

விடுதி இப்போது வேண்டாம் என்பது என் உறுதியான எண்ணம். பிள்ளை சாயங்காலம் அம்மாவிடம் போக வேண்டும். இங்கே கற்ற பட்டன் போடுவதும் தட்டுக் கழுவுவதும் வீட்டில் நடந்தால்தான் நிலைக்கும். பகல் பள்ளியாக, எட்டுப் பிள்ளைக்கு ஓர் ஆசிரியை, கூட ஓர் உதவியாளர் என்று சிறிதாகத் தொடங்குங்கள். வேன் இல்லாவிட்டால் சுற்றுக் கிராமத்துப் பிள்ளைகள் வரவே முடியாது, அதையும் கணக்கில் வையுங்கள். வேலைக்கு வருகிற ஒவ்வொருவருக்கும், டிரைவர் உட்பட, காவல்துறை நன்னடத்தைச் சான்று வாங்குங்கள். 2012 போக்சோ சட்டத்தை எல்லாரையும் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுங்கள்.

பணத்தைப் பற்றி ஒன்று. பிறந்தநாளுக்கும் திதிக்கும் சாப்பாடு போட நம் ஊரில் ஆள் வந்துகொண்டே இருப்பார்கள், ஒரே நாளில் மூன்று வீட்டுப் பாயசம் வரும். ஆசிரியை சம்பளத்துக்குத்தான் ஆள் கிடைக்காது, செலவில் பெரும்பகுதி அதுதான். சாப்பாடு போட வருகிறவரை உட்காரவைத்து, ஒரு இயன்முறை மருத்துவரின் ஒரு மாதச் சம்பளத்தை ஏற்றுக்கொள்ள முடியுமா என்று கேளுங்கள். கூச்சப்படாதீர்கள், பத்துப் பேரில் ஒருவர் சரி என்பார்.

பதினெட்டு வயதுக்குப் பிறகு என்ன என்பதையும் முதல் நாளிலேயே யோசியுங்கள். பெரும்பாலான பள்ளிகள் அங்கே நின்றுவிடுகின்றன, பிள்ளை திரும்பவும் வீட்டுத் திண்ணைக்குப் போய்விடுகிறது. எங்களிடம் பெரியவர்கள் கொட்டான் என்கிற ஓலைக் கூடை பின்னுகிறார்கள். ஓலை கிழிப்பவர் ஒருவர், சாயம் தோய்ப்பவர் ஒருவர், பின்னுபவர் ஒருவர் என்று வேலையைப் பிரித்தால் எல்லாருக்கும் அதில் இடம் இருக்கும். கல்யாண வீடுகளுக்குத் தாம்பூலம் வைக்க வாங்குகிறார்கள். விற்ற காசு அவரவர் பெயரில் வங்கியில் போகிறது. பதினெட்டு ஆனதும் 1999 தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழுவிடம் சட்டபூர்வப் பாதுகாவலருக்கு விண்ணப்பிக்கலாம் என்பதைப் பெற்றோருக்கு முன்கூட்டியே சொல்லிவையுங்கள். பெற்ற தாய் தகப்பனுக்கும் அந்த உத்தரவு தேவைப்படும்.

தங்கை கல்யாணம் வருகிறது. ஆட்டிசம் உள்ள என் எட்டு வயது மகளை அழைத்துப் போனால் கத்திவிடுவாள் என்று பயம். வீட்டில் விட்டுவிட்டுப் போகலாமா?
*ஒரு தாய், காரைக்குடி*

கூட்டிக்கொண்டு போங்கள் அம்மா. சித்தி கல்யாணத்தில் அவளுக்கு உரிய இடம் உண்டு. முதல் நாள் மண்டபம் காலியாக இருக்கும்போது ஒரு நடை அழைத்துப் போய், மேடை, பந்தி, கழிப்பறை எல்லாம் காட்டுங்கள். போட்டோ எடுத்து வைத்து இரவு திரும்பப் பாருங்கள். பட்டுப் பாவாடை உறுத்தினால் உள்ளே பழைய பனியன் போட்டுவிடுங்கள். வாசல் பக்கம், மேளத்துக்குத் தூரமான நாற்காலி. கெட்டிமேளம் கொட்டும் நேரத்தில் வெளியே அழைத்துப் போக யார் என்று மாமாவிடமோ சித்தப்பாவிடமோ முன்பே பேசிவையுங்கள், ஏனென்றால் அந்த நிமிடம் நீங்கள் மேடையில் இருக்க வேண்டும். முதல் பந்தியிலேயே அவளுக்குச் சாப்பாடு முடித்துவிடுங்கள். பந்தல் வாசலில் பன்னீர் தெளிக்கும் வேலையைக் கொடுத்துப் பாருங்கள், எங்கள் பிள்ளைகள் அதை விரும்பிச் செய்வார்கள்.