விலை சொல்ல 4 லட்சத்தில் ஆப் வேண்டுமா?

கேள்வி: உடுமலைப்பேட்டைப் பக்கம் 140 சிறு விவசாயிகள் குழுவாக இருக்கிறோம். பெரும்பாலும் ஒரு ஏக்கர், இரண்டு ஏக்கர் தக்காளி. எந்தச் சந்தைக்கு அனுப்பினால் கட்டும் என்று தெரிந்துகொள்ள ஓர் ஆப் செய்ய நினைக்கிறோம். ஒரு கம்பெனி 4 லட்சம் கேட்கிறது. முன்பணம் கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். ஒரு மாதமாவது பொறுங்கள்.

விலை காட்டும் ஆப்புக்கு இங்கே பஞ்சமில்லை. மத்திய அரசின் இணையச் சந்தையான இ-நாம் 2016-ல் வந்தது, தமிழக அரசின் உழவன் செயலி 2018-ல் வந்தது. உங்கள் ஆட்கள் சாயங்காலம் கேட்பது வேறு. நாளைக்குப் பறிக்கலாமா, பறித்தால் எந்த ஊர் வண்டியில் ஏற்றுவது, செலவு போகக் கையில் என்ன நிற்கும்? அந்தக் கடைசிக் கேள்விக்கான விடையைத்தான் நீங்கள் தயாரிக்க வேண்டும்.

ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். பக்கத்துச் சந்தையில் 14 கிலோ பெட்டி 210 ரூபாய், கிலோவுக்கு 15. தூரத்துச் சந்தையில் 25 கிலோ கிரேட் (பெரிய பெட்டி) 400 ரூபாய், கிலோவுக்கு 16. தூரத்துச் சந்தைதான் லாபம் என்று தோன்றும். பக்கத்தில் கமிஷன் 21, வண்டி வாடகை 20, கூலி 5 போனால் 164 நிற்கும், கிலோவுக்கு 11.70. தூரத்தில் கமிஷன் 40, வாடகை 75, கூலி 10 போனால் 275. கிலோவுக்கு 11 தான். விலையை மட்டும் சொன்னால் ஆளைத் தப்பான வண்டியில் ஏற்றிவிடுவீர்கள்.

இதற்கு ஒரு நோட்டும் ஒரு போனும் போதும். ஒவ்வொரு சந்தையிலும் சரக்கு இறக்கும் ஆள் அல்லது வண்டி டிரைவர் ஒருவரைப் பிடித்து, தினம் சிறு தொகை பேசிக்கொள்ளுங்கள். மண்டிக்காரரிடம் விலை கேட்காதீர்கள். லோடு வேண்டிய நாளில் கூட்டிச் சொல்வார். முதல் தரம், இரண்டாம் தரம், கழிவு மூன்றுக்கும் தனித்தனியாக, பெட்டி எத்தனை கிலோ என்பதோடு கேளுங்கள். சாயங்காலமே கணக்கு முடித்து, 40 விநாடிக்குள் ஒரு குரல் பதிவு. வாட்ஸ்அப் பிராட்காஸ்ட் வேண்டாம், உங்கள் எண்ணைச் சேமித்து வைக்காதவர்களுக்கு அது போகாது. அட்மின் மட்டும் பேசும் குழு வையுங்கள். அதில் பூச்சிமருந்துக் கடைக்காரர், வியாபாரி ஒருவரையும் சேர்க்காதீர்கள். 140 எண்ணும் அவர் கைக்குப் போய்விடும்.

பட்டன் போன்காரர்களுக்கு எஸ்எம்எஸ். தமிழில் ஒரு செய்திக்கு 70 இடம்தான். புள்ளி, கால், கொம்பு எல்லாம் தனித்தனி இடம். 'தக்காளி' மட்டுமே 7 பிடிக்கும். 70 தாண்டினால் இரண்டு செய்திக்குக் காசு. மொத்தமாக அனுப்ப டிஎல்டி பதிவும் வேண்டும். மோசடிச் செய்திகளைத் தடுக்கத் தொலைபேசி நிறுவனங்களிடம் செய்யும் பதிவு அது. வாசகத்தை முன்பே கொடுத்து ஒப்புதல் வாங்கி, விலை வரும் இடத்தை மட்டும் மாற்றலாம். மற்ற இடத்தில் ஓர் எழுத்து பிசகினாலும் செய்தி போகாது. மோசடிச் செய்திகள் எப்படியோ வந்துகொண்டுதான் இருக்கின்றன. அலைச்சல் உங்களைப் போன்ற குழுக்களுக்குத்தான். பதிவைக் குழுவின் பான் எண்ணில்தான் செய்யுங்கள். "எங்கள் பெயரிலேயே இருக்கட்டும்" என்று கம்பெனி சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். நாளைக்கு அவர்களை மாற்ற நினைத்தால் எல்லாம் முதலிலிருந்து.

இந்த 4 லட்சம் பேர்வழிகள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான். முன்பணம் பாதி, ஆண்டுப் பராமரிப்பு தனி, இணைய முகவரி அவர்கள் பெயரில், ஆப்பின் மூல நிரல் (சோர்ஸ் கோடு) தரமாட்டார்கள். இதைவிட ஆபத்து இலவசமாகச் செய்து தருகிறேன் என்பவர். விலை சொல்ல ஆதார் நகல், பட்டா, வங்கிக் கணக்கு எதற்கு? பெயர், ஊர், போன் எண், பயிர். இந்த நான்குக்கு மேல் ஒன்றும் வாங்க விடாதீர்கள். வாட்ஸ்அப்பில் ஏபிகே கோப்பாக (பிளே ஸ்டோர் இல்லாமல் நேரே போனில் ஏற்றும் கோப்பு) ஆப் அனுப்புகிறவரை ஊருக்குள்ளேயே விடாதீர்கள். பிஎம் கிசான் பெயரில் அப்படி வந்த போலிகள் பலரின் கணக்கைத் துடைத்திருக்கின்றன.

ஒரு சிக்கலை மட்டும் முதல் வாரமே பாருங்கள். உங்கள் பட்டியலில் உள்ள எண்ணில் பல, திருப்பூரில் வேலை செய்யும் மகனுடையதாக இருக்கும். வீட்டில் ஒரே போன் என்றால் அது கணவரோடு டீக்கடையில் இருக்கும். பறிக்கும் ஆளைக் கூப்பிட வேண்டிய அம்மாவுக்குச் செய்தியே போகாது. "நம்பர் என்ன?" என்று கேட்காதீர்கள். "ராத்திரி 7 மணிக்கு இந்த போன் யார் கையில்?" என்று வீடு வீடாகக் கேளுங்கள். மகன் கையில் என்றால் பக்கத்து வீட்டு எண்ணையும் சேர்த்து எழுதுங்கள். அதுவும் இல்லாத வீடுகளுக்குப் பால் சொசைட்டி வாசலில் ஒரு போர்டு வையுங்கள். சாயங்காலப் பால் ஊற்ற எப்படியும் வருவார்கள். பால் ஊற்றும் நேரத்துக்கு முன் எழுத வேண்டுமென்றால் சந்தை ஆட்களிடம் 4 மணிக்கே விலை கேட்டாக வேண்டும். குரல் பதிவையும் அப்போதே அனுப்பிவிடுங்கள்.

மானியம் கொடுக்கும் இடங்களில் எத்தனை பேர் டவுன்லோடு செய்தார்கள் என்றே கேட்பார்கள். நீங்கள் வேறு கணக்கு வையுங்கள். 30 நாளில், செய்தி கேட்டுச் சந்தையை மாற்றியவர் அல்லது பறிப்பைத் தள்ளிப்போட்டவர் எத்தனை பேர்? கையில் நின்றது நீங்கள் சொன்ன தொகையோடு ஒத்துப்போனதா? பத்துப் பேர்கூடத் தேறவில்லை என்றால் விலை திரட்டும் ஆளையோ நேரத்தையோ மாற்றி இன்னொரு மாதம் ஓட்டுங்கள். நாற்பது, ஐம்பது பேர் தேறினால் கம்பெனியைக் கூப்பிடுங்கள். மிஸ்டு கால் கொடுத்தால் திரும்ப அழைத்து அன்றைய பதிவைச் சொல்லும் வசதி ஒன்றுக்கு மட்டும் விலை கேளுங்கள்.