ஆங்கிலத்தில் 'ஈக்விவொகேட்' (equivocate) எப்போது, 'இவேட்' (evade) எப்போது?

பற்றாக்குறை குறித்த கேள்விக்கு அமைச்சர் பதில் சொல்லாமல் பேச்சைத் திருப்பினார் என்பதை ஆங்கிலத்தில் எழுதும்போது 'ஈக்விவொகேட்' பொருந்தாது. 'இவேட்' என்பதே சரி.

ஈக்விவொகேட் செய்பவர் பதில் சொல்வார், ஆனால் இருபொருள்படச் சொல்வார். மோனிகா லெவின்ஸ்கியுடன் பாலியல் உறவு இல்லை ('இஸ்' என்ற நிகழ்கால வினையில்) என்று தம் வழக்கறிஞர் கூறியதைப் பற்றி 1998இல் அமெரிக்க அதிபர் கிளின்டன் நடுவர் குழுவிடம் சாட்சியமளித்தபோது, அது உண்மையா என்பது 'இஸ்' (is) என்பதன் பொருளைப் பொறுத்தது என்றார். இப்போது இல்லை என்று கொண்டால் அது உண்மை, எப்போதுமே இருந்ததில்லை என்று கொண்டால் கதை வேறு.

இத்தகைய ஆங்கிலச் சொற்கள் எல்லாவற்றுக்கும் 'மழுப்புதல்' என்றே தமிழில் பொருள் படித்திருப்பதால் இந்தக் குழப்பம் வந்திருக்கலாம்.

எழுதுமுன் இப்படிச் சோதியுங்கள்:

1. பதிலே வரவில்லையென்றால் 'இவேட்'.
2. வந்த பதிலை இரண்டு விதமாகப் படிக்க முடிந்தால் 'ஈக்விவொகேட்'.
3. 'ஒருவேளை', 'பெரும்பாலும்' என்று பதிலைத் தளர்த்தியிருந்தால் 'ஹெட்ஜ்' (hedge). ஆய்வுக் கட்டுரையில் இது குற்றமன்று. சான்று போதாத இடத்தில் அதுதான் நேர்மை.

'ப்ரிவேரிகேட்' (prevaricate) என்ற சொல்லில் மட்டும் எச்சரிக்கை தேவை: பிரிட்டனில் நழுவிப் பேசுவதைக் குறிக்கும் அதே சொல்லை அமெரிக்க வாசகர்கள் பொய் சொல்வதாகவே எடுத்துக்கொள்ளக்கூடும் என்பதால், பெயர் சுட்டி எழுதும் செய்தியில் அதைத் தவிர்ப்பது நல்லது.