வானமும் வேண்டும், படகும் வேண்டும்

கடிதம்

அன்புள்ள ஐயா,

தண்டையார்பேட்டையில் வசிக்கிறேன். நான்கு மாதங்களுக்கு முன் பழைய டிஎஸ்எல்ஆர் கேமரா ஒன்றை வாங்கி, விடியற்காலைகளில் காசிமேட்டுக்கும் எண்ணூர் முகத்துவாரத்துக்கும் சென்று படம் எடுத்துப் பழகி வருகிறேன். வானம் சரியாக வந்தால் படகுகள் கரிக்கட்டையாகிவிடுகின்றன; படகுகள் தெரிந்தால் வானம் சுண்ணாம்பு அடித்த சுவர்போல வெளுத்துவிடுகிறது. ஒரே காட்சியை வெவ்வேறு வெளிச்ச அளவுகளில் எடுத்து ஒன்றாக்கும் எச்.டி.ஆர். முறையில் மூன்று மூன்றாக எடுத்து மென்பொருளில் இணைத்துப் பார்த்தேன். இப்போது எல்லாமே தெரிகிறது, ஆனால் பார்ப்பவர்கள் காலண்டர் படம் மாதிரி இருக்கிறது என்கிறார்கள். எங்கே தவறுகிறேன்? எத்தனை படங்கள் எடுக்க வேண்டும்? இப்படி ஒட்டுவது ஏமாற்று வேலை இல்லையா?

அ., தண்டையார்பேட்டை

பதில்

அன்புள்ள அ.,

கடைசிக் கேள்விக்கான பதில் சிறியது என்பதால் அதை முதலில் முடித்துவிடுகிறேன். 1850களில் பிரான்சில் குஸ்தாவ் லெ கிரே என்ற ஒளிப்படக் கலைஞர் கடற்காட்சிகளை எடுத்தபோது, அக்காலத்துக் கண்ணாடித் தகடுகள் நீல ஒளியையே மிகுதியாக வாங்கிக்கொண்டதால், கடலுக்குப் போதுமான நேரம் கொடுத்தால் வானம் வெறுமையாகிவிட்டது. ஆகவே சில படங்களில் வானத்துக்கு ஒரு நெகட்டிவ், கடலுக்கு ஒரு நெகட்டிவ் என இரண்டைச் சேர்த்து அவர் அச்சிட்டார். உங்கள் சிக்கலுக்கு ஏறக்குறைய 1856இல் திறக்கப்பட்ட நம் ராயபுரம் ரயில் நிலையத்தின் வயது. குற்றவுணர்வு தேவையில்லை.

எத்தனை படங்கள் என்பதை நீங்கள் வீட்டிலிருந்தே முடிவுசெய்துகொண்டு கிளம்புகிறீர்கள் என்று நினைக்கிறேன். அதைக் காட்சிதான் சொல்ல வேண்டும். வெளிச்சத்தை நாங்கள் ஸ்டாப் என்ற அளவால் எண்ணுகிறோம்; ஒரு ஸ்டாப் கூடினால் வெளிச்சம் இரட்டிப்பாகும். பத்து ஸ்டாப் என்றால் ஆயிரம் மடங்குக்கும் மேல். இன்றைய நல்ல கேமராக்களின் சென்சார்கள் குறைந்த ஐஎஸ்ஓவில் (ஒளியுணர்வு அளவில்), இருட்டுக்கும் வெளிச்சத்துக்கும் இடையே 12 முதல் 14 ஸ்டாப் வரையான வித்தியாசத்தைப் பதிவுசெய்கின்றன. உங்களுடைய பழைய கேமரா சற்றுக் குறைவாகச் செய்யும், அவ்வளவுதான். ஐப்பசி, கார்த்திகையில் மேகம் மூடிய காலையில் வானத்துக்கும் படகுக்கும் உள்ள வித்தியாசம் இந்த எல்லைக்குள் அடங்கிவிடும் என்பதால், சுருக்கிய ஜேபெக்கை விட்டு, சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ரா கோப்பாக எடுத்த ஒரே படம் போதும். சூரியன் கடலுக்கு மேலே வந்து நேராக லென்ஸுக்குள் பார்க்கும் நேரத்தில் போதாது. ஒரு படம் எடுத்து, கேமரா திரையில் இருட்டு இடதாகவும் வெளிச்சம் வலதாகவும் வரும் ஹிஸ்டோகிராம் வரைபடத்தைப் பாருங்கள்: அது இடது, வலது இரண்டு ஓரங்களிலும் சுவரில் மோதி நின்றால் மட்டும் பிராக்கெட்டிங்கை, அதாவது வெவ்வேறு வெளிச்ச அளவுகளில் அடுத்தடுத்து எடுப்பதை, தொடங்குங்கள். இரண்டிரண்டு ஸ்டாப் இடைவெளியில் மூன்று படங்கள் உங்கள் கேமராவின் எல்லையோடு நான்கு ஸ்டாப்பைக் கூட்டித்தரும். பெரும்பாலான விடியல்களுக்கு இது தாராளம்.

அப்படி எடுக்கும்போது மாற வேண்டியது ஷட்டர் நேரம் மட்டுமே. சூரியன் எழுவதற்குச் சற்று முன் அப்பர்ச்சரை (லென்ஸின் துளை அளவை) எஃப் 8, ஐஎஸ்ஓவை 100 என்று வைத்தால், விநாடியில் 60இல் ஒரு பங்கு, 15இல் ஒரு பங்கு, கால் விநாடி என்ற வரிசை அமையலாம். அப்பர்ச்சரை மாற்றினால் தெளிவின் ஆழம் மாறி, படங்கள் ஒன்றோடொன்று பொருந்தாது. ஃபோகஸையும், நிறச் சமநிலையைத் தீர்மானிக்கும் வொயிட் பேலன்ஸையும் முதல் படத்துக்கு முன்பே பூட்டிவிடுங்கள். கால் விநாடிக்குக் கை நிற்காது, ட்ரைபாட் அவசியம். அதை ஈரமணலில் நிறுத்தினால் ஒவ்வோர் அலைக்கும் கால்கள் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும் என்பதால், அலை எட்டாத கெட்டித் தரையைத் தேடிக்கொள்ளுங்கள். கடலரிப்பைத் தடுக்கப் போட்ட தூண்டில் வளைவின் பாறைகள் நல்ல இடம்தான், ஆனால் பாசியில் வழுக்கும், லென்ஸில் உப்புத் துளி படியும்.

நம் பகுதிக்கே உரிய தொல்லை ஒன்று உண்டு: இங்கே எதுவும் அசையாமல் நிற்பதில்லை. கட்டிப்போட்ட விசைப்படகுகூட ஆடிக்கொண்டே இருக்கும், எண்ணூர்ப் புகைபோக்கியின் புகை ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையில் உருமாறிவிடும். இணைத்தபின் ஒரு கொடிக்கம்பம் மூன்றாகத் தெரிவது இதனால்தான். மென்பொருளில் இதற்குத் திருத்தம் இருக்கிறது. அசையும் பகுதிக்கு மட்டும் ஒரே படத்தை எடுத்துக்கொள்ளும்படி அதனிடம் சொல்லிவிடலாம்.

இனி காலண்டர் விவகாரம். படங்களை இணைப்பதும், இணைத்ததைத் திரைக்கு ஏற்றபடி சுருக்குவதும் இரு வேறு வேலைகள். வெவ்வேறு நேரம் கொடுத்து எடுத்த படங்களிலிருந்து காட்சியின் உண்மையான ஒளி விகிதங்களை மீட்கும் வழியை 1997இல் டெபெவெக், மாலிக் என்ற இரு கணினி ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை காட்டியது. அப்படி மீட்ட விரிந்த ஒளியைச் சாதாரணத் திரையால் காட்ட இயலாது என்பதால் அதை அமுக்கியாக வேண்டும். இந்த அமுக்கும் வேலைக்குப் பெயர் டோன் மேப்பிங். தவறு நிகழ்வது பெரும்பாலும் இங்கேதான். ஒவ்வொரு சிறு பகுதியின் வேறுபாட்டையும் தனித்தனியாகத் தூக்கிக்காட்டும் ஸ்லைடரை அளவுமீறித் தள்ளினால், பாய்மரத்தைச் சுற்றிச் சாமி படத்தில் இருப்பதுபோல ஒளிவட்டம் தோன்றும், மேகம் அழுக்கேறும், நிழல் என்பதே படத்தில் இல்லாமற்போகும்.

நானும் இதைச் செய்தவன்தான். காசிமேட்டில் எடுத்த என் முதல் எச்.டி.ஆர். படத்தைப் பெரிதாக அச்சிட்டு வரவேற்பறையில் மாட்டியிருந்தேன். நாற்பது ஆண்டுகள் கடலுக்குப் போய்வந்த பக்கத்து வீட்டுப் பெரியவர் அதை நெடுநேரம் பார்த்துவிட்டு, "இன்னா தம்பி, விடிகாலைல போட்டுக்கு அடியில இவ்ளோ வெளிச்சம் ஏது?" என்று கேட்டார். எந்தப் பயிற்சி வகுப்பிலும் இவ்வளவு துல்லியமான விமர்சனத்தை நான் பெற்றதில்லை. அன்று காலை வானம் படகைவிடப் பல மடங்கு வெளிச்சமாக இருந்தது. என் படத்திலோ இரண்டும் சரிசமமாக இருந்தன. எது அதிக வெளிச்சம், எது குறைவு என்ற வரிசையைத்தான் நான் குலைத்திருந்தேன். இடைவெளியைக் குறைப்பதற்கு உங்களுக்கு உரிமை உண்டு, வரிசையை மாற்றுவதற்கு இல்லை. படகின் பெயரும் வலையின் மடிப்பும் மங்கலாகத் தெரியும் அளவுக்கு நிழலை உயர்த்திவிட்டு நிறுத்திக்கொள்ளுங்கள். படகின் அடிவயிறு இருட்டாகவே இருக்கட்டும்.

தொடக்கத்தில் டோன் மேப்பிங்கைத் தொடாமல் எக்ஸ்போஷர் ஃபியூஷன் என்ற முறையைப் பழகுவது நல்லது என்பது என் கருத்து. ஒவ்வொரு படத்திலும் சரியாகப் பதிவான பகுதிகளுக்கு முன்னுரிமை தந்து நேரடியாகக் கலக்கும் இம்முறையில் அளவுமீறுவது கடினம். என்ஃபியூஸ் என்ற இலவச மென்பொருள் இதைச் செய்கிறது. எண்ணூரில் மட்டும் கூடுதல் கவனம் வேண்டும். சாம்பல் கலந்து பழுப்பேறிய கழிமுகத்து நீரை நீலமாக்கிக் காட்டும் படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் எனக்குப் பிடிப்பதில்லை. அனல்மின் நிலைய வளாகம், துறைமுகம் ஆகியவற்றுக்குள் அனுமதியில்லாமல் கேமராவை எடுக்க வேண்டாம் என்பதையும் சொல்லிவைக்கிறேன்.

அடுத்த முறை எழுதும்போது இணைத்த படத்தோடு, கைவைக்காத மூன்று மூலப் படங்களையும் அனுப்புங்கள். நடுப்படம் ஒன்றே போதுமானதாக இருந்ததா என்பதை அவற்றைப் பார்த்தால்தான் என்னால் சொல்ல முடியும்.