போர்வையும் இரண்டு மணி நேரமும்

அன்புள்ள அண்ணன் அவர்களுக்கு,

தேவிபட்டினத்துக்கு வடக்கே உள்ள ஒரு மீனவ கிராமத்திலிருந்து எழுதுகிறேன். முதியவர்களுக்கு உதவ வேண்டும் என்று ஊரில் பதினான்கு இளைஞர்கள் சேர்ந்து ஒரு குழு வைத்திருக்கிறோம். பாதிப் பேர் நாட்டுப்படகில் கடலுக்குப் போகிறவர்கள். மற்றவர்கள் படித்துவிட்டு வேலை தேடுகிறவர்கள். வெளிநாட்டில் இருக்கும் ஊர்க்காரர்களிடம் பணம் திரட்டி, பொங்கலுக்கு முதியவர்கள் எல்லோருக்கும் போர்வையும் சாப்பாடும் கொடுத்தோம். பக்கவாதம் வந்து நான்கு ஆண்டுகளாகப் படுக்கையில் இருக்கும் ஓர் அப்பத்தாவின் வீட்டில், அவருடைய மருமகள் போர்வையை வாங்கி வைத்துவிட்டு, "தம்பி, போர்வ வீட்டுல நாலு கெடக்கு. வாரத்துல ஒரு நாளு ரெண்டு மணி நேரம் யாராச்சும் வந்து இவுக பக்கத்துல இருந்தீங்கன்னா, நான் வெளிய தெருவ போயிட்டு வந்துருவேன்" என்றார். எங்களில் யாருக்கும் பதில் சொல்ல வரவில்லை. நாம் என்ன நர்ஸா, ஏதாவது ஆகிவிட்டால் யார் பொறுப்பு என்று குழுவில் சிலர் கேட்கிறார்கள். சிலர் முதியோர் இல்லமே கட்டிவிடலாம் என்கிறார்கள். நாங்கள் எதைச் செய்வது?

(பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர்)

அன்புள்ள தம்பிக்கு,

அந்த மருமகள் தமக்கு எது வேண்டும், எவ்வளவு வேண்டும் என்பதை அளந்து சொல்லிவிட்டார். அதைச் செய்யுங்கள். குழுவின் முதல் ஆண்டு வேலை அதுவாகவே இருக்கட்டும்.

இவ்வளவு உறுதியாக நான் சொல்வதற்குக் காரணம் என் வீடு. என் தாயார் தனுஷ்கோடியில் பிறந்தவர். 1964 டிசம்பர் புயலுக்குப் பிறகு குடும்பம் தங்கச்சிமடத்துக்கு வந்தது. எழுபது வயதைக் கடந்தபின் அவருக்கு மறதிநோய் தொடங்கியது. பகலெல்லாம் அமைதியாக இருப்பவர், பொழுது சாயும் நேரத்தில் எழுந்து, கொடியில் கிடக்கும் துணிகளையெல்லாம் உருவி மூட்டை கட்டிக்கொண்டு, ரயில் வந்துவிடும் என்று வாசலுக்குப் போவார். நான் அப்போது மதுரையில் வேலையில் இருந்தேன். ஆறு ஆண்டுகள் அவரைப் பார்த்துக்கொண்டவள் என் தங்கை. மாதம் ஒரு முறை பணமும் பழமும் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, மகன் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டதாக நினைத்திருந்தேன். ஒரு முறை நான்கு நாள் தங்கியபோதுதான், தங்கை அடுப்படியில் நின்றபடியே, வாசலில் ஒரு கண் வைத்தபடியே சாப்பிடுவதைக் கவனித்தேன். உட்கார்ந்து சாப்பிட்டால் அம்மா வெளியே போவது தெரியாது என்றாள். அவளுக்குச் சர்க்கரை நோய் இருப்பது எனக்குத் தெரியும். பதினொரு மாதமாக அவள் ரத்தப் பரிசோதனைக்குப் போகவில்லை என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. மருத்துவமனைக்குப் போய்வர மூன்று மணி நேரம் வேண்டும். அந்த மூன்று மணி நேரத்தை அவளுக்குக் கொடுக்க ஆள் இல்லை.

பக்கத்து வீட்டில், கடலில் பாசி எடுக்கப் போகும் ஒரு பெண்மணி இருந்தார். தொழிலுக்குப் போகாத நாட்களில் மாலையில் வந்து அம்மாவின் அருகில் உட்காருவார். பாறையில் கிழிபடாமல் இருக்க விரல்களில் சுற்றும் துணியின் தடம் அவர் கையில் எப்போதும் இருக்கும். ரயிலும் இல்லை, தனுஷ்கோடி ஸ்டேஷனும் இல்லை என்று நாங்கள் திருத்தத் திருத்த அம்மாவின் பதற்றம் ஏறிக்கொண்டே போகும். அவர் திருத்தமாட்டார். "எந்த ரயிலு ஆத்தா? மூட்டையில என்னென்ன வச்சிருக்கீக?" என்று கேட்பார். அம்மா மூட்டையை அவிழ்த்து ஒவ்வொரு துணியாக எடுத்துக் காட்டுவார். அவர் அதை வாங்கி மடித்து வைப்பார். மூட்டை தீரும்போது விளக்கு வைத்திருப்பார்கள், ரயிலின் நினைப்பும் போயிருக்கும். அந்த ஒன்றரை மணி நேரத்தில் தங்கை குளிப்பாள், உட்கார்ந்து சாப்பிடுவாள், சில நாள் மாதா கோயில் வரை போய்வருவாள். மறதிநோய் உள்ளவரிடம் எப்படிப் பேச வேண்டும் என்பதை நான் அந்தப் பெண்மணியிடம்தான் கற்றேன்.

உங்கள் நண்பர்கள் கேட்கும் "நாம் என்ன நர்ஸா" என்ற கேள்வி நியாயமானது. அதற்கு நேராகப் பதில் சொல்லிவிட்டுத்தான் தொடங்க வேண்டும். நர்ஸ் செய்யும் எதையும் நீங்கள் செய்ய வேண்டியதில்லை. ஊசி, குழாய், புண்ணுக்குக் கட்டு ஆகியவற்றில் கை வைக்கக்கூடாது. மாத்திரையைக்கூட வீட்டார் எடுத்து வைத்ததை, அவர்கள் சொன்ன நேரத்தில் கொடுப்பதோடு சரி. ஆனால் அருகில் இருப்பவருக்குச் சில விஷயங்கள் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும். தானாகப் புரள முடியாதவரை ஏறக்குறைய இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றிப் படுக்க வைக்காவிட்டால், முதுகின் அடிப்பகுதி, இடுப்பு எலும்பு, குதிகால் ஆகிய இடங்களில் படுக்கைப்புண் வரும். முதலில் தெரிவது மாறாத சிவப்புதான், கறுத்த தோலில் அதுவும் எளிதில் தெரியாது. பக்கவாதம் வந்தவர்களில் பலருக்கு விழுங்குவது சிரமம் என்பதால், படுத்த நிலையில் தண்ணீரோ கஞ்சியோ கொடுத்தால் நுரையீரலுக்குள் போய்விடும்; நிமிர்த்தி உட்காரவைத்து, சிறுகச் சிறுகக் கொடுத்து, கொடுத்த பிறகும் அரை மணி நேரமாவது அப்படியே இருக்கவிட வேண்டும். நேற்றுவரை தெளிவாக இருந்த முதியவர் இன்று திடீரென்று பிதற்றினால், வயதாகிவிட்டது என்று விட்டுவிடக்கூடாது. சிறுநீர்த் தொற்றோ, உடலில் நீர் வற்றியதோ காரணமாக இருக்கலாம். இவற்றை உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தின் செவிலியர் ஒரே பிற்பகலில் சொல்லிக்கொடுத்துவிடுவார். பொறுப்பு யாருடையது என்பதையும் முதல் நாளே வீட்டாரோடு பேசி, யாரை அழைப்பது, 108 வந்தால் உடன் யார் போவது என்று ஒரு தாளில் எழுதி சுவரில் ஒட்டிவிடுங்கள்.

இன்னொன்றை நீங்கள் எழுதவில்லை. நான் எழுதியாக வேண்டும். உங்கள் குழுவில் பதினான்கு பேரும் ஆண்கள் என்று தெரிகிறது. நம் கரையோர ஊர்களில், ஆண்கள் கடலிலோ வெளிநாட்டிலோ இருக்கும் வீட்டுக்குள் இளைஞன் ஒருவன் தனியாகப் போய் இரண்டு மணி நேரம் உட்கார முடியாது. போனாலும் அந்த மதினி நிம்மதியாக வெளியே போகமாட்டார். படுக்கையில் இருப்பவரும் பெண். ஆகவே மகளிர் குழுவில் இருக்கும் பெண்களைக் கேளுங்கள். துணைக்கு ஆள் போல அல்லாமல், முடிவெடுக்கும் இடத்திலேயே அவர்களைச் சேருங்கள். எப்போதும் இரண்டு பேராகப் போங்கள். ஆண்கள் செய்ய வேறு வேலை நிறைய இருக்கிறது: தண்ணீர் கொண்டுவருவது, மருந்து வாங்கிவருவது, மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போவது, படுக்கையில் இருக்கும் ஆண்களுக்குச் சவரம் செய்துவிடுவது, ஓய்வூதியத்துக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பிப்பது. ஆனால் யாருடைய ஏடிஎம் அட்டையையும் ரகசிய எண்ணையும் வாங்கி வைத்துக்கொள்ளாதீர்கள். நல்ல எண்ணத்தில் தொடங்கினாலும் அந்த ஒன்றிலேயே குழு உடைந்துவிடும்.

நாள் குறிப்பதில் ஊரின் கணக்கைப் பின்பற்றுங்கள். பாக் நீரிணைப் பக்கம் விசைப்படகுக்கு வாரத்தில் மூன்று நாள், நாட்டுப்படகுக்கு மற்ற நான்கு நாள் என்ற ஏற்பாடு உண்டு அல்லவா? உங்கள் ஆட்கள் கரையில் இருக்கும் நாளிலேயே முறை வையுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகில் போகிறவர்கள் கரையில் இருப்பார்கள். புதியவர்களுக்குப் பயிற்சி கொடுக்க அதுவே நல்ல காலம். வாக்களித்த நாளில் கட்டாயம் போய்விட வேண்டும். இரண்டு மணி நேரத்தை நம்பி அந்த மதினி மருத்துவமனையில் சீட்டுப் போட்டிருப்பார். நீங்கள் வராமல் போனால் அடுத்த முறை அவர் நம்பமாட்டார். பத்து வீட்டை ஏற்றுக்கொண்டு திணறுவதைவிட மூன்று வீட்டுக்குத் தவறாமல் போவது மேல்.

அரசுத் திட்டங்களில் பல வீடுகளுக்குத் தெரியாதவை உண்டு. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் ரத்த அழுத்தம், சர்க்கரைக்கான மாத்திரைகள் வீட்டுக்கே வருவதோடு, படுக்கையில் இருப்பவர்களுக்கு இயன்முறைச் சிகிச்சையும் வலிதணிப்புச் சிகிச்சையும் உண்டு. அந்த அப்பத்தாவின் பெயர் பட்டியலில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். முதியோருக்கான உதவி எண் 14567. பார்த்துக்கொள்கிறவர்கள் மனம் உடைந்து போகும்போது பேச 14416 இருக்கிறது. மாத ஓய்வூதியம் 2023 ஆகஸ்டில் 1,200 ரூபாயாக உயர்ந்தது. தகுதி இருந்தும் பெறாதவர்களைக் கண்டுபிடியுங்கள். சொத்தை எழுதி வாங்கிக்கொண்டு பெற்றோரைக் கைவிட்ட வீடு இருந்தால், 2007-ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின்படி கோட்டாட்சியரிடம் மனு கொடுக்கலாம் என்பதைச் சொல்லுங்கள். அதற்குமேல் குடும்ப வழக்கில் நீங்கள் பஞ்சாயத்துப் பேச வேண்டாம்.

முதியோர் இல்லம் கட்டும் யோசனையை இப்போது விட்டுவிடுங்கள். ஆளும் மேற்பார்வையும் இல்லாத இடத்தில் இயலாதவர்களைக் கொண்டுபோய் விடுவதன் விலையை நம் மாவட்டம் 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் பார்த்திருக்கிறது. சங்கிலியில் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் இறந்தார்கள். அவர்களைக் கொண்டுவந்து விட்ட குடும்பங்கள் எல்லாம் கல்நெஞ்சக்காரர்கள் அல்லர். பார்த்துக்கொள்ளத் துணையில்லாமல் ஓய்ந்துபோனவர்கள் அவர்களில் நிறைய இருந்திருப்பார்கள் என்று நான் நம்புகிறேன். கட்டடத்துக்கு முன்னால் வர வேண்டியது அந்தத் துணை. கேரளத்தில் 1993-இல் கோழிக்கோட்டில் தொடங்கிய வலிதணிப்புச் சிகிச்சை, பின்னர் மலப்புறம் பக்கம் ஊர்மக்களின் இயக்கமாகப் பரவியபோது, பயிற்சி பெற்ற அக்கம்பக்கத்தாரும் அவர்கள் தரும் சிறு தொகையும்தான் அதைத் தாங்கின. அது வளர்ந்த பிறகு, 2008-இல், அந்த மாநில அரசே அதற்கென ஒரு கொள்கை வகுத்தது.

பெரியவர் இறந்த பிறகும் அந்த வீட்டுக்குப் போவதை உடனே நிறுத்திவிடாதீர்கள். அம்மா போன பிறகு பல மாதங்கள், என் தங்கை விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து வாசல் தாழ்ப்பாளைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்து படுப்பாள். பக்கத்து வீட்டுப் பெண்மணி அப்போதும் மாலையில் வந்துகொண்டிருந்தார்.

இந்த வாரமே இரண்டு பேர் அந்த மதினியிடம் போய், எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு வந்தால் அவருக்கு வசதி என்று கேளுங்கள். உங்களுக்கு வசதியான நேரத்தை முதலில் சொல்லிவிடாதீர்கள். மூன்று மாதம் கழித்து என்ன நடந்தது என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
அண்ணன்