பாயின்ட்டை மாற்றலாமா? பழைய கார் வைத்திருப்பவர்களுக்குப் பதில்கள்

வெயில் ஏறத் தொடங்கினால் பழைய கார் வைத்திருக்கும் வாசகர்களிடமிருந்து கடிதங்களும் வரத் தொடங்கிவிடும். இந்த முறை இக்னிஷன், அதாவது இன்ஜினில் பெட்ரோலைப் பற்றவைக்கும் மின்பொறி ஏற்பாடு பற்றிய கேள்விகளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். அதில் திறந்து மூடி மின்சாரத்தை விட்டுவிட்டுத் தரும் சின்ன சுவிட்ச்தான் பாயின்ட்; அதன் வேலையைச் செய்ய வந்ததுதான் எலக்ட்ரானிக் செட். கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன், பெயர்களை விட்டு ஊரை மட்டும் தந்திருக்கிறேன்.

கேள்வி: அப்பா வாங்கிய 1984 அம்பாசிடர் மார்க் 4, பெட்ரோல் வண்டி. காலையில் ஒரே திருப்பில் ஸ்டார்ட் ஆகிறது. சிக்னல் சிக்னலாக நின்று அரைமணி நேரம் ஓடினால் திணறி நின்றுவிடுகிறது. ஆறவிட்டால் மறுபடியும் ஓடுகிறது. மெக்கானிக் "பாயின்ட்டைத் தூக்கி எறிந்துவிட்டு எலக்ட்ரானிக் போட்டுவிடலாம்" என்கிறார். வாங்கலாமா ஐயா? (கோவை)

இப்போது வாங்க வேண்டாம். நிற்பதற்குக் காரணம் மின்சாரமா பெட்ரோலா என்பதே இன்னும் தெரியவில்லை. அதைத் தெரிந்துகொள்ளச் செலவே இல்லை. டிக்கியில் ஒரு பழைய பிளக்கைப் போட்டு வையுங்கள். கார் நின்ற இடத்திலேயே, ஆறுவதற்குள், ஒரு பிளக் வயரைக் கழற்றி அந்தப் பழைய பிளக்கில் மாட்டுங்கள். பிளக்கின் இரும்புப் பகுதி இன்ஜினை நன்றாகத் தொடும்படி வைத்துவிட்டு, கூட இருப்பவரைச் சாவியைத் திருப்பச் சொல்லுங்கள். கையால் பிடிக்காதீர்கள். பெட்ரோல் வாடை அடித்தால் இந்தச் சோதனையே வேண்டாம்.

நீலமாக, சத்தத்தோடு பொறி தாவுகிறதா? அப்படியானால் இக்னிஷன்மீது பழி இல்லை. இன்ஜினோடு ஒட்டியிருக்கும் பம்ப்பிலோ குழாயிலோ பெட்ரோல் ஆவியாகி அடைத்திருக்கலாம். இப்போது பங்க்குகளில் கிடைக்கும் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல், அந்தக் காலத்து ரப்பர் ஹோஸையும் பம்ப் டயாஃப்ரத்தையும் கெடுக்கக்கூடியது என்பதால் அவற்றையும் பார்த்துவிடுங்கள். இந்த நிலையில் எலக்ட்ரானிக் செட் மாட்டியிருந்தால், பணத்தைக் கொடுத்துவிட்டு அதே சிக்னலில் நின்றிருப்பீர்கள்.

பொறி மஞ்சளாக, சோம்பலாக இருந்தாலோ, வரவே இல்லையென்றாலோ முதல் சந்தேகம் கண்டன்ஸர்மேல், அதாவது பாயின்ட் திறக்கும்போது அது கருகாமல் காக்கும் சின்னப் பாகத்தின்மேல். இருப்பதிலேயே மலிவான உதிரிப்பாகம், இன்றைக்கு இருப்பதிலேயே மோசமாகத் தயாரிக்கப்படுவதும் அதுதான். குளிர்ந்திருக்கும்போது மீட்டரில் 0.18 முதல் 0.24 மைக்ரோஃபாரட் வரை ஒழுங்காகக் காட்டிவிட்டு, சூடேறியதும் கைவிடும். அதனால் மீட்டரை மட்டும் நம்பாமல், நல்லதென்று தெரிந்த இன்னொன்றை மாட்டி ஓட்டிப் பாருங்கள். அடுத்த சந்தேகம், பேட்டரியின் 12 வோல்ட்டைப் பொறி தாவும் அளவுக்கு உயர்த்தும் காயில். அதன் இரண்டு சிறிய முனைகளுக்கு இடையே மல்டிமீட்டரை வைத்தால் 3 ஓம் அளவில் காட்ட வேண்டும். இதையும் சூடாக இருக்கும்போதே அளந்து பாருங்கள்.

மூன்றாவதைப் பலரும் பார்ப்பதே இல்லை. மின்சாரத்தை ஒவ்வொரு பிளக்குக்கும் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டருக்குள், பாயின்ட் உட்கார்ந்திருக்கும் தட்டிலிருந்து அதன் உடலுக்கு ஒரு சின்ன எர்த் வயர் போகும். இன்ஜினின் உறிஞ்சலால் பொறியின் நேரத்தை முன்தள்ளும் வேக்குவம் அட்வான்ஸ் இழுக்கும்போதெல்லாம் அந்தத் தட்டு அசைவதால், வயர் உள்ளுக்குள் இழை இழையாக அறுந்துகொண்டே வரும். வெளியே பார்த்தால் முழுதாகத் தெரியும். ஐந்து நிமிடப் பற்றவைப்பு வேலை. இதற்காக டிஸ்ட்ரிபியூட்டரையே மாற்றியவர்கள் உண்டு.

இத்தனையும் சரியாக இருந்து, பாயின்ட் குழி விழுந்திருந்தால் புதிதாகப் போடுங்கள். லூக்காஸ் நிறுவன டிஸ்ட்ரிபியூட்டரில் பாயின்ட் இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர். விசிட்டிங் கார்டைச் செருகி அளக்கும் கைகாரர்கள் இருக்கிறார்கள். வழியில் அது போதும், ஒர்க்‌ஷாப்பில் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் தகடு) கேளுங்கள். பாயின்ட் எவ்வளவு கோணம் மூடியிருக்கிறது என்று காட்டும் டுவெல் மீட்டர் இருந்தால் 60 டிகிரி. இடைவெளி குறைந்தால் பாயின்ட் தாமதமாகத் திறக்கும், டைமிங்கும், அதாவது பொறி தாவும் நேரமும், பின்தங்கும். ஆகவே பாயின்ட் மாற்றிய பிறகு டைமிங் பார்க்காமல் வண்டியை எடுத்து வராதீர்கள். பாயின்ட்டைத் தள்ளித் திறக்கும் கேம்மேல் துளி கிரீஸ், சுற்றிச் சுற்றி மின்சாரத்தைப் பங்கிடும் ரோட்டருக்கு அடியில் இருக்கும் பகுதியில் இரண்டு சொட்டு எண்ணெய். அதற்கு மேல் விட்டால் பாயின்ட்டில் தெறித்துக் கருக்கிவிடும்.

கேள்வி: 40,000 வோல்ட் "ஸ்போர்ட்ஸ்" காயில் போட்டால் மைலேஜ் கூடும் என்று விளம்பரம் வருகிறதே? (திருச்சி)

கூடாது. பிளக் இடைவெளியைத் தாண்ட எவ்வளவு வோல்ட் தேவையோ, காயிலில் அவ்வளவுதான் ஏறும். டப்பாவில் அச்சடித்த எண் பிளக்கை எட்டிப் பார்ப்பதில்லை. தீங்கும் உண்டு. இவற்றில் பல 1.5 ஓம் காயில்கள். 3 ஓம் காயில் 12 வோல்ட்டில் 4 ஆம்பியர் இழுக்கும் என்றால், இது பல்லாஸ்ட் என்னும் மின்தடை இல்லாமல் 8 ஆம்பியர் இழுக்கும். உங்கள் பாயின்ட் கருகுவதற்குப் பணம் கொடுத்து வாங்கியதாகிவிடும்.

கேள்வி: புதுப்பேட்டையில் பழைய ஸ்டாக் என்று பெட்டி பிரிக்காத சாமான்கள் கிடைக்கின்றன. ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் புதியது கிடைக்கிறது. எதை நம்புவது? (சென்னை, பிரீமியர் பத்மினி கார் வைத்திருப்பவர்)

கடையை விடுங்கள், பொருளைப் பாருங்கள். டிஸ்ட்ரிபியூட்டர் கேப், ரோட்டர், பாயின்ட் மூன்றும் பழைய ஸ்டாக்கில் கிடைத்தால் யோசிக்காமல் எடுத்துக்கொள்ளலாம். கேப்பைச் சாய்த்து வெளிச்சத்தில் பாருங்கள்: தலைமுடி போன்ற கறுப்புக் கோடு இருக்கக் கூடாது, நடுவிலுள்ள கார்பன் விரலால் அழுத்தினால் உள்ளே போய்த் திரும்ப வர வேண்டும். புதிய மலிவு ரோட்டர்களில் பித்தளைத் தகட்டைப் பிடித்திருக்கும் ரிவெட் நீளமாக இருந்து, அதன் வழியே மின்சாரம் அடியிலுள்ள தண்டுக்கு இறங்கிவிடுகிறது. கார் திடீரென்று செத்துப்போகும், பார்த்தால் ஒன்றும் தெரியாது. இங்கிலாந்துப் பழைய கார்க்காரர்கள் இந்தத் தொல்லையால்தான் ரிவெட் இல்லாத சிவப்பு ரோட்டருக்கு மாறினார்கள்.

கண்டன்ஸருக்கு மட்டும் கணக்கு தலைகீழ். உள்ளே காகிதம் சுற்றியிருக்கும் பழைய வகை, பெட்டிக்குள் சும்மா கிடந்தாலும் ஈரம் இழுத்துக் கெட்டுப்போகும். முப்பது வருடம் பெட்டியில் இருந்தது என்று கடைக்காரர் பெருமையாகச் சொன்னால் நன்றி சொல்லிவிட்டு நகருங்கள்.

பாடியில் இருக்கும் லூக்காஸ்-டிவிஎஸ் போன்ற தெரிந்த பெயர்களின் பெட்டியைப் போலியாக அச்சடிப்பது எளிது. வாங்கும்போது பில்லும், பில்லில் பாகத்தின் எண்ணும் இருக்கட்டும். பில் தர யோசிக்கும் கடைக்காரருக்குத் தன் சரக்கைப் பற்றி உங்களைவிட நன்றாகத் தெரியும்.

கேள்வி: எலக்ட்ரானிக் வேண்டவே வேண்டாம் என்கிறீர்களா? வருடத்தில் சில தடவைதான் வண்டியை எடுக்கிறேன். ஒவ்வொரு தடவையும் பாயின்ட்டைத் தேய்க்க எனக்குப் பொறுமை இல்லை. (மதுரை)

உங்களுக்குத்தான் அது சரியான பொருள். 1910 மாடல் கேடிலாக்குக்காகச் சார்லஸ் கெட்டரிங் உருவாக்கிய பேட்டரி இக்னிஷன் எழுபது வருடத்துக்கு மேல் உலகத்தை ஓட்டியது. அதன் ஒரே தேய்மானக் குறை அந்த இரண்டு உலோகப் புள்ளிகளும், அவற்றைத் தள்ளும் சின்னக் குதிகாலும்தான். பாயின்ட் இருந்த இடத்தில் உட்காரும் மாட்யூல் அந்தக் குறையை நீக்குகிறது. கேமுக்கு மேல் ஒரு காந்த வளையம், பக்கத்தில் ஒரு சென்சார், வெளியே இரண்டு வயர். அமெரிக்காவின் பெர்ட்ரோனிக்ஸ் இந்த வகை. பிரிட்டனின் லுமினிஷன் ஒளியை வைத்து இதே வேலையைச் செய்கிறது. புதுப் பொறி எதுவும் இதனால் பிறப்பதில்லை. ஒழுங்காகச் சரிசெய்த பாயின்ட் தரும் பொறியை, சரிசெய்யாமலே தந்துகொண்டிருக்கும்.

வாங்குமுன் டிஸ்ட்ரிபியூட்டரின் உடலில் பொறித்திருக்கும் எண்ணைப் படியுங்கள். லூக்காஸில் 25டி4, 45டி4 இரண்டும் பார்வைக்கு அண்ணன் தம்பி. உள்ளே பொருத்தம் வேறு. "அம்பாசிடருக்கு", "பத்மினிக்கு" என்று மட்டும் போட்டிருக்கும் பெட்டியை வாங்காதீர்கள். பிறகு ரோட்டர் தண்டைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். நன்றாக ஆடினால் தண்டைத் தாங்கும் புஷ் தேய்ந்திருக்கிறது. மாட்யூல் அந்த ஆட்டத்தை ஓரளவு பொறுத்துக்கொள்ளும், ஆனால் வேகத்துக்கேற்பப் பொறியை முன்தள்ளும் அட்வான்ஸ் எடைகளின் ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் மாட்யூலால் ஒன்றும் செய்ய முடியாது. வேக்குவம் குழாயை வாயால் உறிஞ்சிப் பாருங்கள். தட்டு அசைந்து, உறிஞ்சும்வரை நிற்க வேண்டும். நிற்கவில்லையென்றால் டயாஃப்ரம் கிழிந்திருக்கிறது. இவ்வளவும் போயிருந்தால் முழு டிஸ்ட்ரிபியூட்டரையே மாற்றுவது சரி. நெதர்லாந்தின் 123 இக்னிஷன் போன்றவற்றில் உங்கள் இன்ஜினுக்குத் தகுந்த அட்வான்ஸ் வரிசையைத் தேர்ந்தெடுக்கலாம். மாட்யூலைவிடப் பல மடங்கு விலை, சுங்கவரி வேறு.

மாட்யூலோடு செப்புக் கம்பி பிளக் வயர் ஆகாது. அதன் மின் இரைச்சல் மாட்யூலைக் குழப்பும். கார்பன் வகை வயர் போடுங்கள். காயிலின் ஓம் அளவு மாட்யூலின் தாளில் சொன்னதற்குக் குறையக் கூடாது. இன்ஜின் ஓடாமல் சாவியை ஆனில் விட்டுப் பாட்டுக் கேட்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள், பல மாட்யூல்கள் அப்படித்தான் எரிகின்றன. வெல்டிங் செய்யும் நாளில் பேட்டரியைக் கழற்றிவிடுங்கள். கழற்றிய பாயின்ட் தட்டைக் கண்டன்ஸரோடு அப்படியே ஒரு டப்பாவில் போட்டு டிக்கியில் வையுங்கள். பாயின்ட் சாகும்போது முனகிவிட்டுத்தான் சாகும். மாட்யூல் சொல்லாமல் போகும். நெடுஞ்சாலையில் அந்த டப்பாதான் உங்களை வீட்டுக்குக் கொண்டுவரும்.

கேள்வி: என்னிடம் 1950களின் மொறிஸ் மைனர் இருக்கிறது. இணையத்தில் வாங்கிய எலக்ட்ரானிக் மாட்யூலைப் பூட்டியதும் ஒரு நொடியில் புகைந்துவிட்டது. விற்றவர் "பூட்டத் தெரியாமல் பூட்டியிருக்கிறீர்கள்" என்கிறார். (யாழ்ப்பாணம்)

பேட்டரியில் எந்த முனை பாடியோடு இணைந்திருக்கிறது என்று பாருங்கள். அந்தக் காலத்து மொறிஸ் மைனர் பாசிட்டிவ் எர்த், அதாவது பாசிட்டிவ் முனை பாடியோடு இணைந்தது. இப்போதைய மாட்யூல்களில் பெரும்பாலானவை நெகட்டிவ் எர்த்துக்கானவை, தலைகீழ் இணைப்பில் நொடியில் போய்விடும். விற்பனைப் பக்கத்தில் எர்த் வகையைக் குறிப்பிட்டிருந்தால், வருத்தத்தோடு சொல்கிறேன், விற்றவர் பக்கம்தான் நியாயம். "எல்லா மொறிஸ் மைனருக்கும் பொருந்தும்" என்று எழுதியிருந்தால் உங்கள் பக்கம். அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், நாளை மாற்றிவிடுவார்கள்.

பாசிட்டிவ் எர்த்துக்கென்றே மாட்யூல்கள் விற்கிறார்கள், அதையே கேட்டு வாங்கலாம். காரையே நெகட்டிவ் எர்த்துக்கு மாற்றவும் செய்யலாம்: டைனமோவுக்குப் புதிய திசையில் மின்சாரம் காட்டிப் பழக்க வேண்டும், காயிலின் இரண்டு சிறு வயர்களை இடம் மாற்ற வேண்டும். அந்த வயர்களை மாற்றாவிட்டாலும் கார் ஓடும், ஆனால் பொறி தாவக் கூடுதல் வோல்ட் கேட்கும். பழைய காயிலில் எஸ்.டபிள்யூ. (சுவிட்ச்), சி.பி. (கான்டாக்ட் பிரேக்கர், அதாவது பாயின்ட்) என்று பொறித்திருந்தால் சி.பி. முனைதான் டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போவது என்பது பாசிட்டிவ் எர்த் காலத்துக் கணக்கு என்பதை நினைவில் வையுங்கள்.

கேள்வி: 1968 ஸ்டாண்டர்ட் ஹெரால்டு. விண்டேஜ் பதிவு வாங்க நினைக்கிறேன். எலக்ட்ரானிக் இக்னிஷன் தடையாகுமா? (சென்னை)

2021 ஜூலையில் வந்த மத்திய மோட்டார் வாகன விதித் திருத்தம், முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த, மூல வடிவில் இருக்கும் வண்டிக்கு அந்தப் பதிவைத் தருகிறது. சேசிஸ், பாடி, இன்ஜினில் பெரிய மாற்றம் இருக்கக் கூடாது. கேப்புக்குள் மறைந்திருக்கும் மாட்யூல் அந்த வகையில் வராது என்பது என் கருத்து. ஆனாலும் ஆய்வுக்குப் போகும் நாளில் பாயின்ட்டையே மாட்டிக்கொண்டு போங்கள். அரைமணி நேர வேலைக்காக வாதாடிக்கொண்டு நிற்பானேன்? சென்னையிலேயே தயாரான கார், பார்ப்பவர்களுக்கும் உள்ளே பழைய சாமான் இருந்தால்தான் சந்தோஷம்.

கேள்வி: கடையில் வாங்கிய மாட்யூல் பதினைந்து நாளில் போய்விட்டது. "எலக்ட்ரிக்கல் பொருள்கள் திரும்பப் பெறப்படமாட்டாது" என்று போர்டைக் காட்டுகிறார்கள். பில் இருக்கிறது. (சேலம்)

அந்தப் போர்டு சுவருக்கு அழகு, சட்டத்தில் அதற்கு இடமில்லை. குறையுள்ள பொருளை, பில்லில் சொன்ன காலத்துக்குள், பில்லில் ஒன்றும் சொல்லவில்லையென்றால் 30 நாளுக்குள் திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பதை நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 முறையற்ற வணிக நடைமுறை என்கிறது. பில் தராமல் இருப்பதும் அதே பட்டியலில்தான் வருகிறது. உங்களுக்குப் பாதி மாதம் மீதி இருக்கிறது, வாய்ப்பேச்சில் கரைக்காதீர்கள். இன்றே எழுத்தில் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்குங்கள்; மறுத்தால் பதிவுத் தபால். மாட்டிய மெக்கானிக்கிடம் காயில் ஓம் அளவு, எர்த் வகை, அவர் கண்ட குறை ஆகியவற்றைத் தாளில் எழுதி வாங்கி இணையுங்கள். "தப்பாக மாட்டினீர்கள்" என்ற பதில் கட்டாயம் வரும், அதற்கு இந்தத் தாள்தான் மருந்து. பெட்டியையும் எறியாதீர்கள். இறக்குமதியாளர் பெயர், முகவரி, அதிகபட்ச விலை அதில் இல்லையென்றால் அது தனிக் குற்றம்.

அதற்கும் அசையவில்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அடுத்தது மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம்: நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே மனுக் கொடுக்கலாம், 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை, இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. இணையத் தளத்தில் வாங்கியிருந்தால் அதன் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்தில் புகாரைப் பெற்றதாக ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும். வெளிநாட்டு விற்பனையாளர் நேரடியாகக் கூரியரில் அனுப்பியதாக இருந்தால் இந்த வழிகளில் எதுவும் எளிதில் எட்டாது. சில ஆயிரம் கூடினாலும் இந்தியாவில் முகவரி உள்ள இறக்குமதியாளரிடம் வாங்கச் சொல்வது அதனால்தான்.