ஒன்றரை வயது, நாலு வயதுக் குழந்தைகளோடு கொடைக்கானல் பக்கம் ஓரிரவு கூடாரத்தில் தங்கி மலை நடை போகலாமா?

போகலாம். ஆனால் காப்புக்காட்டுக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் நடப்பதும் தங்குவதும் கூடாது. அனுமதியுள்ள தனியார் தோட்ட முகாமில் கூடாரம் போட்டு, பகலில் அனுமதியுள்ள பாதையில் நடப்பதுதான் உங்களுக்குச் சரி. பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை தவிர்த்துவிடுங்கள். புல் காய்ந்து கிடக்கும். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் மலை நடை போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கியது அந்தப் பருவத்தில்தான்.

தூரத்தை மூத்த பிள்ளையை வைத்து முடிவு செய்யுங்கள். நின்று, பூச்சி பார்த்து, தின்பண்டம் தின்று மணிக்கு ஒன்றரை கிலோமீட்டர் போனாலே நல்ல வேகம். போக வர நாலு கிலோமீட்டர் போதும். களைத்து அழுத பிறகு திரும்பினால் பதினைந்து கிலோவைத் தூக்கிக்கொண்டு இறங்க வேண்டியிருக்கும். கழுத்தில் ஒரு விசிலைக் கட்டி, 'எங்களைக் காணோம்னா நின்ன இடத்துலயே மரத்தைப் பிடிச்சிட்டு ஊது' என்று வீட்டிலேயே பழக்குங்கள்.

சின்னதை, பிள்ளையை உட்கார வைக்கும் கம்பிச் சட்டம் வைத்த முதுகுப்பையில் தூக்குங்கள். பிள்ளையும் பையும் சேர்ந்தே பதினாலு கிலோ வந்துவிடும். தண்ணீர், டயப்பர், துணி எல்லாம் இன்னொருவர் முதுகில். கீழே எதையாவது எடுக்க முழங்காலை மடக்குங்கள், இடுப்பை வளைத்தால் பிள்ளை தலைகுப்புறச் சரியும். முக்கால் மணிக்கொரு முறை இறக்கிவிடுங்கள், தொங்கும் கால் மரத்துப்போகும்.

பலர் கோட்டைவிடுவது குளிரில்தான். சுமப்பவருக்கு வியர்த்துக் கொட்டும்; அதை வைத்துப் பிள்ளைக்கும் வெக்கை என்று ஸ்வெட்டரைக் கழற்றிவிடுவார்கள். பிள்ளையோ அசையாமல் காற்றில் உட்கார்ந்திருக்கிறது. கை எப்போதும் சில்லென்றுதான் இருக்கும், பிடரியையும் நெஞ்சையும் தொட்டுப் பாருங்கள். அங்கே குளிர்ந்திருந்தால் உடனே நின்று, ஈரத் துணியை மாற்றி, உங்கள் மேலோடு அணைத்துக்கொள்ளுங்கள். வழக்கத்துக்கு மாறாகச் சோர்ந்து, கூப்பிட்டால் மெதுவாகத் திரும்பினால் நடையை அத்தோடு நிறுத்தி மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். உள்ளே பருத்தி பனியன் வேண்டாம், நனைந்தால் காயாது. இரவில் பெரியவர் தூக்கப்பைக்குள் பிள்ளையைப் போட்டு மூடாதீர்கள், முகம் உள்ளே போனால் மூச்சு முட்டும். அளவான கம்பளி உடை, குல்லா, அடியில் தடித்த பாய்.

கொடைக்கானல் 2,000 மீட்டருக்கு மேலே. தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும். அதனால் தளதளவென்று மூன்று நிமிடம் கொதிக்க விடுங்கள். வயிற்றுப்போக்கு வந்தால் கொடுக்கும் ஓஆர்எஸ் (உப்பு-சர்க்கரைப் பொடி) பொட்டலத்தை, அதில் குறித்த அளவு நீரில் முழுசாகக் கரையுங்கள். கண்ணளவில் பாதிப் பொட்டலம் போட்டால் உப்பளவு தப்பும்.