ஆட்டோ கியரை டி-யில் போட்டும் வண்டி தாமதமாக நகர்வது ஏன்?

கேள்வி: காலையில் அடுக்குமாடிக் கார்பார்க்கில் டி-யில் (முன்னே ஓட்டும் நிலை) போட்டால் இரண்டு விநாடி கழித்தே 'டக்'கென்று கியர் பிடிக்கிறது, பிஐஇ விரைவுச்சாலையில் 70 கி.மீ. வேகத்தில் வண்டி லேசாக அதிர்கிறது.

இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பாதீர்கள். தாமதத்துக்கு முதல் சந்தேகம் கியர் எண்ணெய் குறைவு. அடுத்தது, உள்ளே ரப்பர் சீல்கள் இறுகி அழுத்தம் மெதுவாக ஏறுவது.

அதிர்வுக்கு ஒரு சோதனை. பின்னால் வண்டி இல்லாதபோது, ஆக்சிலரேட்டரை அசைக்காமல், இடது காலால் பிரேக்கை விளக்கு எரியும் அளவுக்கு மட்டும் தொடுங்கள். டார்க் கன்வெர்ட்டரின் (எஞ்சின் விசையை எண்ணெய் வழியே கியருக்குக் கடத்தும் பகுதி) லாக்-அப் கிளட்ச் (எஞ்சினையும் கியரையும் நேராகப் பூட்டுவது) விடுபட்டு ஆர்பிஎம் (எஞ்சின் சுழற்சி வேகம்) சற்று ஏறும். அதோடு அதிர்வும் நின்றால் கோளாறு அங்கேதான். நிற்காவிட்டால் ஸ்பார்க் பிளக், இக்னிஷன் காயிலைப் பாருங்கள்.

பல புதிய கார்களில் கியர் எண்ணெய் அளவு பார்க்கும் குச்சி (டிப்ஸ்டிக்) கிடையாது. லிஃப்டில் சமமாக ஏற்றி, எஞ்சின் ஓட, கையேடு சொல்லும் வெப்பநிலையில் லெவல் பிளக்கை (அளவு பார்க்கும் துளையின் மூடி) திறந்தே அளவு பார்க்க வேண்டும். எண்ணெயில் கருகிய வாடையும் உலோகத் துகளும் இருந்தால், புது எண்ணெய் மட்டும் காப்பாற்றாது. ('ஆயுளுக்கும் மாற்ற வேண்டாம்' என்பார்கள், நம் ஊர் நெரிசலுக்கு அது ஒத்துவராது.) சிவிடி (பெல்ட்டில் ஓடும் ஆட்டோ கியர்) என்றால் அதற்குரிய எண்ணெய்தான், சாதாரண ஏடிஎஃப் (மற்ற ஆட்டோ கியர்களுக்கான எண்ணெய்) ஊற்றினால் பெல்ட் வழுக்கும்.